திரும்பி வந்தவர்களின் கதையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளுக்கு வீரக் கதைகளை எப்படிச் சொல்வது என்று மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். டிசம்பர் 8 நெருங்கினால் குன்னூர் வட்டாரப் பிள்ளைகளிடம் ஹெலிகாப்டர் விபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2021-இல் அந்த நாளில்தான் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட 14 பேருடன் வந்த ஹெலிகாப்டர், காட்டேரியை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. உதவிக்கு ஓடிய ஊர்மக்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் "நெருப்புக்குள் பாய்ந்தார்கள்" என்று கூட்டிச் சொல்லாதீர்கள். வெக்கையில் கிட்டே நெருங்க முடியாத நிலையில் அவர்கள் போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் தகவல் சொன்னார்கள், வீட்டுத் தண்ணீரைச் சுமந்து வந்தார்கள், கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதில் தகவல் சொல்வதும் கம்பளி எடுத்துவருவதும் பத்து வயதுப் பிள்ளையாலும் ஆகக்கூடிய வேலை. பாய்ந்த கதையைக் கேட்கும் பிள்ளை, பாய்வதை மட்டும்தான் கற்றுக்கொள்ளும்.

அந்த விபத்தில் உயிரோடு மீட்கப்பட்டு, ஒரு வாரம் போராடி இறந்தவர் வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய குரூப் கேப்டன் வருண் சிங். அவருக்குச் சௌர்ய சக்ரா என்னும் வீர விருதைப் பெற்றுத்தந்த நிகழ்ச்சி வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. 2020 அக்டோபர் 12-ஆம் தேதி, பெரிய பழுதுபார்ப்புக்குப் பின் தேஜஸ் போர் விமானத்தைச் சோதிக்கத் தனியாகப் பறந்தார். உயரத்தில் விமானி அறையின் காற்றழுத்தம் குறைந்தது. என்ன கோளாறு என்று சரியாகக் கணித்து, விமானத்தை இறக்கத் தொடங்கினார். இறங்கும்போதே கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்து, விமானம் மூக்கை மேலும் கீழும் வீசியபடி சரிந்தது. அதை மீட்டார். சுமார் 10,000 அடி உயரத்தில் மறுபடியும் அதே நிலை. இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கிவிட அவருக்கு முழு உரிமை இருந்தது. நிலைமையை எடைபோட்டு, மீண்டும் வசப்படுத்தித் தரையிறக்கினார்.

இதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காதீர்கள். 40 நிமிட வகுப்பு என்றால் முதல் 10 நிமிடத்தில் 10,000 அடி வரை வந்து நிறுத்திவிடுங்கள். கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள்: அவருக்கு அப்போது என்ன தெரியும், என்ன பயிற்சியும் கருவியும் இருந்தன, என்னென்ன வழிகள் திறந்திருந்தன. அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்திருப்போம் என்று பிள்ளைகள் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். நண்பன் பார்க்க "நான் பயந்துவிடுவேன்" என்று எந்தப் பையனும் சொல்லமாட்டான். சீட்டில் யாராவது "வெளியே குதித்திருப்பேன்" என்று எழுதினால் அதுவும் சரியான விடைதான் என்று உரக்கச் சொல்லுங்கள். மிச்சக் கதை அதற்குப் பிறகு.

எட்டு வயதுக்குக் கீழே என்றால் தீக்காய விவரங்கள் வேண்டாம். மரணத்தை மட்டும் மறைக்காமல், "காயம் ஆறவில்லை, இறந்துவிட்டார்" என்று நேராகச் சொல்லிவிடலாம். "தூங்கிப்போனார்" என்றால் அன்று இரவு தூங்கவே சில குழந்தைகள் பயப்படும்.

இலக்கைத் தொடாமல் திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எங்களுக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. எவரெஸ்ட் என்றால் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியைத் தொட்ட 1953 மே 29 தெரியும். மூன்று நாள் முன்னால், மே 26 அன்று, அதே குழுவின் போர்டிலனும் எவான்ஸும் தென் உச்சி வரை ஏறிவிட்டார்கள். உயரக் கணக்கில் மீதி ஏறக்குறைய 300 அடிதான். எவான்ஸின் ஆக்சிஜன் கருவி தொல்லை கொடுத்தது, மதியம் ஆகிவிட்டது, போனால் திரும்பி வர ஆக்சிஜன் போதாது. இறங்கிவிட்டார்கள். வழியில் அவர்கள் விட்டுவந்த, கொஞ்சம் மிச்சமிருந்த உருளைகள் பின்னால் போனவர்களுக்கு இறங்கும்போது உதவின. இந்த இருவரையும் அதே வகுப்பில் சொன்னால்தான் துணிச்சலின் முழு அளவு பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

நம் மலையில் இது வெறும் கதை விஷயம் இல்லை. அருவிக்கும் அணைக்கும் போகும் பிள்ளைகளில் ஒருவர் வழுக்கி விழ, காப்பாற்றப் போனவரும் மூழ்குவது இதனால்தான்: மூழ்குபவர் கைக்குக் கிடைத்தவரைப் பிடித்து அமுக்கிவிடுவார். தண்ணீரில் இறங்கக் கூடாது. கத்திப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் என்றால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பையோ துப்பட்டாவையோ நீட்டலாம். நின்றபடி நீட்டினால் உள்ளே இழுபட்டுவிடுவோம். தூரம் என்றால் மூடி இறுகிய 5 லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டி எறியலாம். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கேன் தூரம் போய் விழும், மிதக்கவும் செய்யும். வீரக் கதை சொன்ன கையோடு மைதானத்தில் கேன் எறிந்து பழகவிட்டால் பிள்ளைகளுக்கு அது மறக்காது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். துணிச்சலாக உயிர் காத்த சிறுவர் சிறுமியரின் செய்தி வரும்போது, அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா, கையில் என்ன இருந்தது, கூட யார் நின்றார்கள் என்பதையும் நிருபர்கள் கேட்டு எழுதட்டும். அதன் கீழே 112, 108, 101 என்ற அவசர உதவி எண்களைச் சிறு கட்டத்தில் அச்சிட்டால், செய்தியை வெட்டி வகுப்பில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி.