மோசடி நடந்தது வேறு சிகிச்சையில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரை, நோயாளியின் சொந்தச் செல்களைக் கொண்டு செய்வதையும் கொடையாளரின் செல்களைக் கொண்டு செய்வதையும் ஒன்றாக்கி, இரண்டையும் 'மோசடி என்று தெரிந்து கைவிடப்பட்ட முறை' என முடித்திருந்தது. கைவிடப்பட்டது உண்மைதான், காரணம் அதுவன்று.

கட்டுரையாளர் சொல்லும் மோசடி, ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெர்னர் பெஸ்வோடாவினுடையது. 1999 மே மாதம் அட்லாண்டாவில் நடந்த புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் மற்ற ஆய்வாளர்கள் பலன் காணாதபோது அவர் மட்டும் பலன் உண்டென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் குழு ஒன்று நேரில் சென்று பதிவேடுகளைப் பார்த்தபோது பொய் வெளிப்பட்டது. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் மாற்றுச் சிகிச்சை பெற்றோரில் 32 சதவீதம், வழக்கமான கீமோதெரபி பெற்றோரில் 38 சதவீதம். இவையெல்லாம் நோயாளியின் சொந்தச் செல்களைப் பயன்படுத்தியவை. அங்கே நோயைத் தாக்கியது மிகுந்த அளவில் ஏற்றப்பட்ட கீமோதெரபி மருந்து மட்டுமே. அது அழித்த எலும்பு மஜ்ஜையை மீண்டும் தழைக்க வைப்பதோடு ஸ்டெம் செல்லின் வேலை முடிந்துவிடும்.

கொடையாளரின் செல்லிலோ மருந்தே அந்தச் செல்தான். உடன்பிறந்தவரின் வெள்ளையணுக்கள் புற்றைத் தமக்கு அந்நியமானதாகக் கண்டு தாக்கும் என்பது, இரத்தப் புற்றுநோயில் நன்கு அறியப்பட்ட செய்தி. அந்தப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்த நானும் அதைக் கண்டிருக்கிறேன். மார்பகப் புற்றிலும் அப்படி நடக்குமா என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர் 16 பெண்களிடம் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். கொடையாகப் பெற்றவற்றிலிருந்து தாக்கும் அணுக்களை முதலில் நீக்கிவிட்டு, மாற்றுச் சிகிச்சைக்குப் பின் 42-ஆம் நாள் தொடங்கி அவற்றைத் தவணை தவணையாக ஏற்றினார்கள். கட்டி சுருங்கினால் அது கீமோதெரபியாலா அணுக்களாலா என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கணக்கில் கொள்ளத்தக்க 15 பேரில் 6 பேருக்கு, அந்த அணுக்களாலேயே கட்டி சுருங்கியது. இதில் மோசடி எங்கே இருக்கிறது?

ஆனால் புற்றைத் தாக்கும் அதே அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் விட்டுவைப்பதில்லை. 1992 முதல் 2000 வரை இச்சிகிச்சை பெற்ற 66 பெண்களின் விவரங்களைத் தொகுத்தபோது, மாற்றுக்கு முன் உடலைத் தயார்செய்யக் கொடுக்கும் கீமோதெரபி மருந்தைக் கடுமையான அளவில் பெற்றவர்களில் 29 சதவீதத்தினர் நூறு நாளுக்குள் சிகிச்சையாலேயே இறந்திருந்தார்கள். மிதமான மருந்து பெற்றவர்களில் அது 7 சதவீதமே. எனினும் ஓராண்டு வரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் அவர்களில் 8 சதவீதம்தான். இதற்கிடையே டிராஸ்டுசுமாப் போன்ற, இத்தனை ஆபத்தில்லாத புதிய மருந்துகளும் வந்துவிட்டன. முறை நின்றுபோனதற்கு இவையே காரணம்.

அக்காளுக்காகத் தன் அணுக்களைக் கொடுக்க, கையில் ஊசியோடு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருந்த தங்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரேனும் அக்கட்டுரையைப் படித்திருந்தால், தான் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணியிருப்பார். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி.