முழங்கை எப்படி இருக்கிறது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இந்த வயதில் மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாய் என்று படித்ததும், முதலில் சிரிப்புதான் வந்தது. மன்னித்துக்கொள். இடது கையால் எழுதினாயா? பள்ளிக்கூடத்து எழுத்தைவிட நன்றாகவே இருக்கிறது.

எனக்கு உடனே ஜப்பான் நீச்சல் வீரன் கோசுகே ஹகினோ ஞாபகம் வந்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில், அதாவது ஒருவரே நாலு விதமாகவும் நீந்தும் போட்டியில், அமெரிக்க நீச்சல் ஜாம்பவான் மைக்கேல் பெல்ப்ஸை நாலாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு வெண்கலம் வாங்கிய பையன். அப்போது அவனுக்கு 17 வயதுதான். மூன்று வருடம் கழித்து, பயிற்சிக்காக பிரான்சுக்குப் போன இடத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டான். ரஷ்யாவின் கசானில் நடந்த உலக நீச்சல் போட்டிக்குப் போக முடியவில்லை. அங்கே 400 மெட்லியில் ஜெயித்தது யார் தெரியுமா? இன்னொரு ஜப்பான்காரன், டையா செட்டோ. இருவரும் 1994இல் பிறந்தவர்கள், சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் துரத்தி நீந்தியவர்கள். கட்டுப்போட்ட கையோடு அந்தச் செய்தியைக் கேட்டிருப்பான், பாவம்.

மெட்லியில் கையை ஒளித்துவைக்க இடமே கிடையாது. பட்டர்ஃபிளை, அப்புறம் மல்லாந்து, அப்புறம் நாம் கிணற்றில் தவளை மாதிரி நீந்துவோமே அது, கடைசியில் ஃப்ரீஸ்டைல். ஒவ்வொன்றும் முழங்கையை ஒவ்வொரு விதமாக வளைத்து இழுக்கும்.

அந்தக் கையோடுதான் ஹகினோ 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே 400 மெட்லியில் இறங்கினான். 4 நிமிடம் 6.05 விநாடி. அமெரிக்காவின் சேஸ் கேலிஸ் 0.70 விநாடி பின்னால், செட்டோ மூன்றாவது. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. முழங்கைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதே அதற்குப் பிறகுதான்!

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தத் தங்கம் இல்லை. 2019இல் நீந்தவே மனம் வரவில்லை என்று சில மாதங்கள் போட்டிகளை விட்டு ஒதுங்கிவிட்டான். ஒலிம்பிக் சாம்பியன், அதுவும் அடுத்த ஒலிம்பிக் சொந்த நாட்டில் நடக்கப்போகிற நேரத்தில். எலும்பு கூடியது, மனசு கூடவில்லை போலிருக்கிறது. பிறகு திரும்பி வந்து, 2021இல் டோக்கியோவில் 200 மெட்லி இறுதிப் போட்டியில் செட்டோவோடு சேர்ந்து நீந்தினான். செட்டோ நாலாவது, இவன் ஆறாவது. பதக்கம் இரண்டு பேருக்குமே இல்லை. அந்த வருடமே ஓய்வு அறிவித்துவிட்டான். அவனுடைய போட்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த ஆறாவது இடத்தைத்தான்.

சரி, பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா? வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. இங்கே எல்லோரும் சௌக்கியம். தோட்டத்துக் கிணற்றில் இந்த வருடம் மேல்படி வரை தண்ணீர் நிற்கிறது. பொங்கலுக்கு வா. குதிக்க வேண்டாம், படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும்.

அன்புடன்,
ராஜு