எனக்குக் கார்டியனாக இருந்த அமாயிக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்பான சபையாருக்கும், உபவாசமிருந்து ஜெபித்த சகோதரிகளுக்கும், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுத்தவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஆப்பிரிக்காவில் மலாவிக்கு மிஷனரிப் பயணம் போன இடத்தில் மலேரியா வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை நான் மறுபடி எழுதப்போவதில்லை. போதகர் ஐயா ஞாயிறு ஆராதனையில் சொல்லிவிட்டார். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் மணிக்கொரு தரம் வந்ததையும் படித்திருப்பீர்கள். (அதில் இரண்டு செய்திகள் என்னைக் கோமாவுக்கே அனுப்பிவிட்டன. அந்த அளவுக்கு இல்லை.) திரும்பி வந்து பதினோரு நாள் ஆகிறது. நாலு படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. எழுத்து வேலையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இப்போது படுத்திரு என்கிறார்கள் வீட்டில். ஆனால் ஆறவிட்டு எழுதினால் இது சாட்சி மாதிரி ஆகிவிடும். எங்கே கண்ணீர் வர வேண்டும், எங்கே ஆமென் சொல்ல வேண்டும் என்று நானே இடம் வைத்துவிடுவேன். அதனால் சூட்டோடு எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயணத்தின் முதல் பதிவுகளை எழுதி வந்து மிஷனரி ஞாயிறன்று வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன் அல்லவா? பிளான்டயர் விமான நிலையத்தில் இறங்கிய அன்றே தொடங்கிவிட்டேன். தியோலோ பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள், செம்மண் சாலை, சைக்கிள் கேரியரில் ஆள் ஏற்றிப்போகும் கபாசாக்காரர்கள், மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் முலாஞ்சே மலை (உச்சி 3,002 மீட்டர்), எங்களைக் கண்டதும் "அம்வென்யே! அம்வென்யே!" என்று கூவிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த பிள்ளைகள். இந்தியர்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். இதெல்லாம் ஒரு பக்கம்தான். மீதி நாலு பக்கமும் வேறு மாதிரி. "வீடுகளில் கரண்ட் இல்லை. பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லை. பள்ளியில் பெஞ்சு இல்லை. சபைக்கட்டடத்துக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை." அந்தச் சுவர், 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் அடித்தபோது மலையிலிருந்து இறங்கி வந்த சேற்றோடு போனது. அதைக் கட்டிக்கொடுக்கத்தான் நாம் காணிக்கை சேர்த்தோம்.

ஊருக்கு வந்த பிறகு அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு வரி விடாமல் எல்லாம் "இல்லை" என்று முடிகிறது. யாரோ ஏலத்துக்கு வந்த வீட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் நூறு டாலரை மாற்றினோம். டாலருக்கு ஏறத்தாழ 1,700 குவாச்சா வீதம் ஒரு கட்டு நோட்டு கைக்கு வந்தது. அதைப் பையில் வைத்தபோது எனக்குள் ஒரு மிதப்பு வந்தது. கொடுக்க வந்தவள் என்ற மிதப்பு.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

என்னை அங்கே கொண்டு சேர்த்த மாலை எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மழையில் ஆற்றுப்பாலம் போய்விட்டதால் குழுவின் மற்ற இரண்டு அக்காமாரும் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். கூட வந்த அண்ணனைப் பெண்கள் வார்டில் இரவு தங்க விடமாட்டார்கள். நர்ஸ் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில், "கார்டியன்?" என்று கேட்டார். படிவம் என்றாலே தகப்பனார் பெயர் அல்லது கார்டியன் பெயர் என்று நிரப்பிப் பழகிய கை. நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். "எங்கே அவர்?" என்றார். "இறந்துவிட்டார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

மலாவி ஆஸ்பத்திரிகளில் கார்டியன் என்றால் வேறு. நோயாளியோடு வந்து தங்கும் ஆள். சமைத்துப் போடுவது, துணி துவைப்பது, வெந்நீர் வைப்பது, உடம்பு துடைத்துவிடுவது, நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் கார்டியன் வேலை. ஐம்பது அறுபது பேருக்கு இரண்டு நர்ஸ் என்றால் வேறு எப்படி நடக்கும்? ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அவர்களுக்கென்று ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே அடுப்பு மூட்டி, அங்கேயே துவைத்துக் காயப்போட்டு, ராத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். கையில் காசில்லாதவர்கூட ஒரு கார்டியனோடுதான் வருவார். அம்மா, அக்கா, அத்தை, யாருமே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி. அந்த வார்டில் அன்றைக்கு ஆள் இல்லாமல் கிடந்தவள் நான் ஒருத்திதான்.

நர்ஸ் மறுபடி பேனாவை எடுத்து, என் படிவத்தில் அந்த இடத்தில் எழுதப்போனது "இல்லை" என்றுதான்.

அப்போது அடுத்த கட்டிலின் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. தங்கைக்குக் கார்டியனாக வந்த ஒரு அம்மா, தரையில் உட்கார்ந்து சோளமாவு சலித்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூட முழுதாக நிமிர்த்தாமல் ஏதோ சொன்னார். ஒரே வாக்கியம். நர்ஸ் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "ரெண்டு பேருக்குச் சேர்த்து ஒரே பானைதானே, என் பேரையே போடு" என்றாராம்.

அவ்வளவுதான். இந்த மடல் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்காக.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை. நான் அழைத்தபடியே அமாயி என்று எழுதுகிறேன். சிச்சேவா மொழியில் மாயி என்றால் தாய். முன்னால் ஒரு "அ" சேர்த்தால் அது மரியாதை, நாம் "ங்க" போடுவது மாதிரி. எனக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காய்ச்சலில் "அம்மா" என்று முனகியதே அவருக்கு "அமாயி" என்றுதான் கேட்டிருக்கிறது; கூப்பிட்டதாக நினைத்து எழுந்து எழுந்து வந்திருக்கிறார்.

ஆறு நாள். ஊசி மருந்து முடிந்து மாத்திரைக்கு மாற்றினார்கள். காலையில் நாலு, ராத்திரி நாலு, மூன்று நாள். வெறும் வயிற்றில் போட்டால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். நர்ஸ் ஒரு தடவைதான் சொன்னார். அமாயி பிடித்துக்கொண்டார். அங்கே பாலா என்று ஒரு சோளக்கஞ்சி வைப்பார்கள். அதில் இடித்த நிலக்கடலைப் பொடியைக் கலந்து, சர்க்கரை போட்டு, ஒரு நீல நிற பிளாஸ்டிக் குவளையில் கொண்டுவருவார். குவளை காலியாகும்வரை மாத்திரை அவர் கைக்குள் இருக்கும். நான் முகத்தைத் திருப்பினால் "பஙோனோ, பஙோனோ" என்பார். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ("ங" என்ற எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, தனியாக எங்கேயும் புழங்கியதில்லை. அது இந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தது போல.) வாந்தி எடுத்தால் "பெபானி, பெபானி" என்று முதுகைத் தடவுவார். மன்னிப்புக் கேட்கிற சொல்லும் அதேதான். நான் வாந்தி எடுத்ததற்கு அவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார் என்று முதலில் குழம்பினேன்.

ஒரு நாள், நான் கேட்காமலே, என் உள்ளாடைகளையும் சேர்த்துத் துவைத்துக் கொண்டுவந்து மடித்து வைத்திருந்தார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவரோ தங்கையின் துணியோடு அதையும் எண்ணி, நாலு, ஐந்து என்று அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர்ப் போதகர் வந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் சொன்னார். மழை விழுந்ததும் விதைத்த சோளம் ஏப்ரலில்தான் அறுவடைக்கு வரும். அதனால் பிப்ரவரி அங்கே பசி மாதம். குதிர் காலி. பல வீடுகளில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். எனக்கு நாளைக்கு மூன்று குவளை வந்தது. கடலைப் பொடியோடு, சர்க்கரையோடு. இதைக் கேட்ட பிறகு அடுத்த குவளையை என்னால் குடிக்க முடியவில்லை. அமாயிக்கு அது புரியாமல், கஞ்சி தீய்ந்துவிட்டதோ என்று வாங்கி மோந்து பார்த்தார். சரி, குடித்தேன். வேறென்ன செய்வது?

மற்றவர்களையும் சொல்லாமல் விட முடியாது. மருத்துவர்கள் குறைவான அந்த இடத்தில் வார்டையே தாங்கி நடத்தும் கிளினிக்கல் ஆபீசர்; டார்ச் வெளிச்சத்தில் நரம்பு தேடி ஊசி போட்ட நர்ஸ்கள்; கரைபுரண்ட ஆற்றைச் சுற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓட்டிய டிரைவர்; தங்கள் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு மண்தரையில் படுத்த போதகர் குடும்பம்; பயணச்சீட்டை மாற்றக் காத்துக் கிடந்த அண்ணன்; பாலம் சரியாகும்வரை நிம்மதியாகத் தூங்காத அக்காமார்; என் தாயாரிடம் ஆறு நாளும் "நெட்வொர்க் இல்லை" என்று பொய் சொல்லிச் சமாளித்த என் தங்கை; பணம் சேர்த்தவர்கள், முழங்காலில் நின்றவர்கள். உங்களுக்கு நான் தனித்தனியாகச் சொல்வேன். உடம்பு தேறட்டும்.

நர்ஸ்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இரண்டு வரி. எனக்குக் கொஞ்சம் தெளிந்ததும், "பாவம், இங்கே பிள்ளைகளுக்கெல்லாம் இந்த மலேரியாவா" என்று அனுதாபமாக ஏதோ சொன்னேன். அவர் ஊசியைத் தட்டிக்கொண்டே, குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசிகளோடு மலேரியா தடுப்பூசியையும் போட ஆரம்பித்த முதல் நாடு மலாவிதான், 2019 ஏப்ரலில், தெரியுமா என்றார். தெரியாது. அப்புறம், "நீங்கள் தடுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது ஏன்?" என்றார். குமட்டியது, நிறுத்திவிட்டேன். பாவம் யார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

இனி, சொல்லத் தயங்குகிற பகுதி.

வெளியேறும் நாள் என்னிடம் மிச்சமிருந்த குவாச்சா கட்டை இரண்டு கையாலும் அமாயியிடம் நீட்டினேன். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மிஷனரிக் கதைகளில் ஏழைகள் மறுப்பார்கள், நாம் வற்புறுத்துவோம், அவர்கள் கண் கலங்குவார்கள். அமாயி மறுக்கவில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, உள்ளங்கைகளைக் குவித்து இரண்டு தடவை தட்டி, "ஸிகோமோ" (நன்றி) என்று வாங்கி, நிதானமாக எண்ணிப் பார்த்து, இடுப்பில் கட்டியிருந்த சித்தேன்ஜே துணியின் முனையில் முடிந்துகொண்டார். பிறகு என் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைக் காட்டி, அது உனக்கு வேண்டுமா என்று சைகையில் கேட்டார்.

எனக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆறு நாள் எனக்குக் கஞ்சி காய்ச்சியவர், தங்கை இன்னும் படுக்கையில் இருக்கும்போது, பசி மாதத்தில், பணத்தை வாங்கிக்கொண்டதில் என்ன குறை கண்டேன்? நான் மனதில் வரைந்து வைத்திருந்த படத்துக்கு அவர் ஒத்துவரவில்லை, அதுதான் குறை. கஞ்சி கொடுக்கும்போது அவர் என்னிடம் கண்ணீரை எதிர்பார்க்கவில்லை. குடித்தேனா என்று மட்டும்தான் பார்த்தார். வாளியைக் கொடுத்தேன்.

போதகர் ஐயா, ஒரு விண்ணப்பம். மிஷனரி ஞாயிறன்று அந்த நாலு பக்கத்தை நான் வாசிக்கமாட்டேன். செருப்பில்லாத பிள்ளைகளின் படங்களும் திரையில் வேண்டாம்; போனிலிருந்து அழித்துவிட்டேன், அவர்கள் யாரிடமும் நான் அனுமதி கேட்டதில்லை. சுவருக்கு மீதித் தொகை அனுப்ப வேண்டியிருக்கிறது, அந்தக் கணக்கை மட்டும் வாசிக்கிறேன். அப்புறம், நம் சபையில் யாராவது ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் படுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஜெபிக்க அல்ல. துணி துவைக்க, கஞ்சி வைக்க வருகிறேன். ராத்திரியும் தங்குவேன், தரையில் படுத்து இப்போது எனக்குப் பழக்கமில்லை என்றாலும்.

இந்த மடலின் ஒரு பகுதியை அங்குள்ள போதகர் அமாயிக்குச் சிச்சேவாவில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நேற்று செய்தி அனுப்பினார்.

அமாயி, உங்களுக்கு நினைவிருக்கும். வண்டி வாசலைத் தாண்டும்போது நீங்கள் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, உங்களைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தேன். நீங்கள் என் தோள்பையைத் திறந்து, உள்ளே கைவிட்டு, அந்த நீலக் குவளையை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். அதை எப்படி என் பையில் வைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தங்கைக்கு அடுத்த வேளைக் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர் சொன்னார்.

ஸிகோமோ க்வாம்பிரி, அமாயி.

உங்கள் படிவத்தில் இரண்டாவதாக இருந்தவள்