அடுத்த முகாமைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

காரைக்குடி வட்டார முற்போக்கு அமைப்புகளின் கூட்டுக் குழுத் தோழர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் நாம் நடத்திய இரண்டு நாள் இளம் தலைவர்கள் பயிற்சி முகாம் பற்றித்தான் எழுதுகிறேன். முகாம் எப்படி நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் மேடையில்தான் இருந்தீர்கள். முடிந்த பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கார்கள் கிளம்பிவிட்டன.

இரண்டாம் நாள் மாலை 5.30-க்கு நிறைவு என்று நோட்டீசில் போட்டிருந்தோம். நிறைவடைந்தது இரவு 9.15-க்கு. சிறப்புரைக்கு வந்தவர் வழியில் தாமதமாகிவிட்டார். சரி, அது யார் கையிலும் இல்லை. ஆனால் வந்தவருக்குத் துண்டு போர்த்தப் பதினொரு பேர் வரிசையில் நின்றார்களே, அது நம் கையில் இருந்ததுதானே? நான் உட்கார்ந்து எண்ணினேன். எண்ணிக்கொண்டே கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவகோட்டைக்கு அந்தப் பக்கம் உள்கிராமம் அவளுக்கு. கல்லூரியில் கடைசி வருடம். தேவகோட்டையிலிருந்து அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டு மணிக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் காரைக்குடியில் ஏழு மணிக்காவது பஸ் ஏறியாக வேண்டும். ஆறே முக்காலுக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்துச் செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டாள். எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே நின்ற நம் தோழர், "பெரியவர் பேசிக்கிட்டிருக்கும்போது எந்திரிச்சுப் போறது நல்லா இல்லம்மா" என்றார். அதட்டவில்லை, வீட்டுப் பெரியவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் மேடையில் பெண்விடுதலை பற்றிப் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதே காலுக்கு மேல் நானும் அவளும் பஸ் ஏறி தேவகோட்டையில் இறங்கியபோது மணி பத்தரை. அந்த ஊர் என்றதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் வர மாட்டேன் என்றார்கள். மூன்றாமவர் 650 ரூபாய் கேட்டார். போகிற வழியெல்லாம் அவள் செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள், ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவளுடைய அப்பா ஊர் முகப்பில், கண்மாய்க் கரை திரும்புகிற இடத்தில், டார்ச் லைட்டோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைப் பார்த்து, "நீங்க கூட வந்ததால சரிங்கம்மா" என்றார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் சொல்லியிருக்கிறார்: இனிமேல் கூட்டம் கீட்டம் எதுவும் வேண்டாம்.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தெருவில் பதினோரு மணிக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை ஆட்டோவில் வந்து இறங்கினால் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டது. காசு கேட்காத பஸ்ஸையும் ஒரு பிள்ளை தவறவிடும்படி செய்தோம், அவ்வளவுதான் நம் சாதனை.

அவள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊரில் மயானத்துக்குப் போகிற பாதைத் தகராறு பல வருடமாக இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குச் சிவகங்கை போய் மூன்று தடவை மனுக் கொடுத்தவள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அது கூடியதா, கூடி என்ன பேசியது என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவள். இதை அவளுக்கு நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முகாமில் பேசுவதற்கு ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. அடுத்த வருடமே அது பதினொரு தடைகளாக வளர்ந்தது. அதில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது. தன் அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டு இதையெல்லாம் தன் ஊர்க் கதையோடு சேர்த்து எழுதியிருந்தாள். "எங்க அப்பத்தாவோட அம்மா சாகுற வரைக்கும் செருப்புப் போட்டதில்லை" என்று ஆரம்பித்தாள். கூடம் அமைதியானது. மூன்று நிமிடத்தில் மணி அடித்தோம். அடுத்துப் பேசிய தோழர், இன்றைய இளைஞர்கள் வரலாறு படிப்பதில்லை என்று நாற்பது நிமிடம் வருத்தப்பட்டார். அவருக்கு மணி அடிக்க யாருக்கும் கை வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முகாமைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தேதி, இடம், பேச்சாளர், சாப்பாடு, நேரம் எல்லாவற்றையும் அவர்கள் முடிவு பண்ணட்டும். பணத்தையும் அவர்களிடமே கொடுங்கள். பணத்தை நாம் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கொடுத்தால், நாற்காலி அடுக்கும் பொறுப்பாகத்தான் அது முடியும். இந்த முகாமில் அதைத்தானே கொடுத்தோம்.

இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் லேவாதேவிக்குப் போன செட்டியார்கள் ஆளை எப்படித் தயார் பண்ணினார்கள்? மீசை முளைக்காத பையனைப் பெட்டியடிப் பையனாகக் கூட்டிப்போய்ப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் கணக்கு எழுதிப் பழகினான், தப்பு விட்டான், திட்டு வாங்கினான், அடுத்தாள் என்கிற உதவியாளன் ஆனான். அப்புறம் ஒரு கடையையே அவனிடம் ஒப்படைத்தார்கள். கடைப் பொறுப்பாளராக, அதாவது மேலாளாகப் போனவருக்கு மூன்று வருடத் தவணை, முடிந்தால் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். வட்டித் தொழிலைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் ஒரே அபிப்பிராயம்தான். ஆனால் பெட்டிச் சாவியைக் கொடுத்தால்தான் பையன் ஆளாவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் முப்பத்தைந்து வயதிலும் பெட்டியடிப் பையன்கள்தான் இருக்கிறார்கள், அதுவும் பெட்டியைத் தொடாமல். நம் இளைஞர் அணிப் பொறுப்பாளரின் மூத்த மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை, ஆனால் இளைஞர் இல்லை.

பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவைச் சொல்லாத கூட்டம் நமக்குக் கிடையாது. 1927-ல் காந்தி பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துச் சிராவயலில் ஜீவா நடத்திய ஆசிரமத்துக்கு வந்ததும், உனக்கு என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டதும், இந்தியாதான் என் சொத்து என்று ஜீவா சொன்னதும், இல்லை, நீதான் இந்தியாவின் சொத்து என்று காந்தி திருப்பிச் சொன்னதும் முகாமில் மட்டுமே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். ஜீவா பிறந்தது 1907-ல். அந்த ஆசிரமத்தை நடத்தியபோது அவருக்கு இருபது வயது. இதை மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நம் கூட்டுக் குழுவில் வயதில் சின்னவருக்கு 47.

என் கதையையும் ஒரு வரி சொல்லிக்கொள்கிறேன். 1991-ல், புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது, ராயவரம் பக்கத்தில் எங்கள் ஊரில் எனக்குப் பதினெட்டு வயது. ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை, ஒரு பதிவேடு, என் அம்மா வயதில் பதினாறு பெண்கள். இந்தா நடத்து என்று கொடுத்துவிட்டார்கள். வாடகை சைக்கிள் எடுத்து நான் ஓட்டப் பழகியதும், அப்புறம் அந்தப் பதினாறு பேரில் ஒன்பது பேருக்குப் பழக்கியதும் அந்த வருடம்தான். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்து முன்னால் நின்றார், மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். எனக்கு யாரும் தலைமைப் பண்பு பற்றி வகுப்பு எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நானே யோசிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது இன்றைக்கு என் தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

முகாமில் தீர்மானம் வேறு போட்டோம். நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்துச் சமூக நீதி மாணவர் படை அமைக்கச் சொன்ன அந்தப் பரிந்துரையை அரசு உடனே நிறைவேற்ற வேண்டும் என்று கை தூக்கினோம். நல்ல தீர்மானம். பிள்ளைகளை நம்பு என்று அரசுக்குச் சொல்கிறோம். தீர்மானத்தை எழுதியது யார், வாசித்தது யார், முன்மொழிந்தது, வழிமொழிந்தது யார்? பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இன்னொன்று. ஜனவரியில் நமக்காகப் போஸ்டர் ஒட்டப் போன பையனை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அவன் நம்மில் மூன்று பேருக்குப் போன் அடித்தான். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் கல்யாண வீட்டில் இருந்தார். ஒருவர், "பயப்படாத, காலையில பாத்துக்கலாம்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ராத்திரியே பயம் வந்துவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன். வழக்குப் பதிவானால் வேலைக்கு வெரிஃபிகேஷன் வரும்போது என்ன ஆகும் என்று யாரிடம் கேட்பான்? எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம் என்பதும், சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் எந்த முகாமிலும் நாம் சொல்லிக் கொடுக்காத பாடங்கள். சர்வதேச நிலைமை பற்றி இரண்டு அமர்வு இருந்தது. யார் வடம் பிடிப்பது என்ற சாதித் தகராறில் வருஷக்கணக்கில் நின்றுபோன கண்டதேவிக் கோயில் தேர் 2024-ல் ஓடியதற்குக் கோர்ட்டும் போலீசும் எவ்வளவு தேவைப்பட்டது என்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அமர்வு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பிளெக்ஸ் போர்டு மட்டும் எட்டு வைத்தோம். எட்டிலும் ஒரு பிள்ளை முகம் இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களில் இரண்டு பேர் எமர்ஜென்சியில் ஜெயிலுக்குப் போனவர்கள். ஒருவர் என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நானும் ஆளானேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

குழுவில் பேசி முடிவு செய்கிறோம் என்று பதில் வரும், தெரியும். நம் ஊர்ப் பெரிய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்கள். முப்பது பங்காளி, ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் முப்பது சம்மதம் வேண்டும், அதற்குள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் மழை இறங்கிவிடும். நான்கு அமைப்பு சேர்ந்த நம் குழுவும் அப்படி ஆகிவிடக் கூடாது.

பெரியார் பிறந்த நாள், செப்டம்பர் 17 வருகிறது. 2021-லிருந்து அரசு அதைச் சமூக நீதி நாள் என்று உறுதிமொழி எடுத்துக் கொண்டாடுகிறது. அன்றைக்கு நாம் நடத்துகிற ஒரு நாள் முகாமை அப்படியே பிள்ளைகளிடம் விடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போன முகாமுக்கு ஆன செலவில் பாதி போதும், ஆனால் பத்து நாள் முன்னாலேயே அவர்கள் கையில் இருக்க வேண்டும். கணக்கு எழுதி ஒப்புவிப்பார்கள். தப்பு விடுவார்கள், விடட்டும். நீங்கள் எல்லோரும் வாருங்கள், முன்வரிசையிலேயே உட்காருங்கள், உங்களுக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கச் சொல்கிறேன். மணி மட்டும் அவர்களிடம் இருக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலைப் பஸ் நேரம் தெரிந்தவர்கள் போடட்டும், தோழர்களே. அந்தத் தேவகோட்டைப் பிள்ளையின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். முகாம் நாலரைக்கு முடியும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் யோசிக்கிறேன் என்றார். எழுதிக் கொடுக்கிற இடத்தில் நான் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். குழுவின் லெட்டர்பேடில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு, இந்த மாதக் கடைசிக்குள் ஒரு கடிதம் கொடுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

தோழமையுடன்,
உங்கள் முகாமில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி,
செக்காலை, காரைக்குடி.

பின்குறிப்பு: ஆட்டோ 650 ரூபாய் நான் கொடுத்ததுதான். ரசீது இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம். முகாம் செலவுக் கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், துண்டு வாங்கிய செலவுக்குக் கீழே.