தமிழ் வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். அண்மைத் தேர்வில் 'விளக்குக', 'விவரி', 'விரித்துரைக்க' என்று மூன்று கட்டளைகள் அடுத்தடுத்து நின்றதை நீங்கள் அறிவீர்கள். மூன்றுக்கும் 5 மதிப்பெண். மூன்றும் ஒன்றென்றால் ஒரே சொல் போதுமே. வெவ்வேறு என்றால் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

திருத்தி வந்த விடைத்தாள் ஒன்றைப் பார்த்தேன். வினா, 'ஆகுபெயரை விளக்குக.' மாணவி இலக்கணம் எழுதி, 'ஊர் சிரித்தது' என்று எடுத்துக்காட்டும் தந்து, ஊர் என்னும் இடப்பெயர் அங்கு வாழும் மக்களுக்கு ஆகி வந்ததைப் பிசிறில்லாமல் எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் 'விரிவு போதாது'. ஐந்துக்கு இரண்டு. அதே கட்டில் இன்னொரு தாள்: ஆகுபெயர் வகைகள் வரிசையாக, பெயர்கள் மட்டும். பெயர் எப்படி ஆகிவருகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதற்கு முழு மதிப்பெண்! வினா கேட்டது விளக்கத்தை. மதிப்பெண் போனது நீளத்துக்கு.

நம் இலக்கணம் இதை எப்போதோ வகுத்துவைத்திருக்கிறது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றால் சூத்திரப் பொருளைத் தெரியவைப்பது காண்டிகையுரை; அந்த இடத்துக்கு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து ஐயமற விரிப்பது விருத்தியுரை. 13ஆம் நூற்றாண்டில் இப்படி வகுத்து நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கு இருந்த தெளிவை உங்களிடம் எதிர்பார்ப்பது பேராசையா? ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களில் ஒன்றாக அவர் வைத்த 'மற்றொன்று விரித்தல்', அதாவது சொல்லவந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது, இன்று கூடுதல் தாள் வாங்கி மதிப்பெண் குவிக்கும் கலையாகிவிட்டது. போகிற போக்கில் 'எடுத்தியம்புக', 'தெளிவுறுத்துக' என்றும் கேட்டுவிடுங்கள். உங்கள் சொல்வளத்தை நாங்களும் ரசிக்கிறோம், மதிப்பெண்ணை மாணவர்கள் இழக்கட்டும்.

கடுமை கூடிவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது இவ்வளவுதான். 'விளக்குக' என்றால் இலக்கணமும் எடுத்துக்காட்டும் பொருத்தமும்; 'விவரி' என்றால் கூறுகள் ஒவ்வொன்றும் முறையாக; 'விரித்துரைக்க' என்றால் காரணமும் மேற்கோளும் சேர்த்து. இப்படியோ, உங்களுக்குச் சரியென்று படும் வேறு வகையிலோ, எந்தச் சொல்லுக்கு எவ்வளவு என்பதை வினாத்தாளின் முகப்பில் நாலு வரியாக அச்சிட வேண்டுகிறேன். திருத்துவோருக்குத் தரும் விடைக்குறிப்பிலும் அதே நாலு வரி, மாற்றமில்லாமல், இடம்பெற வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு தமிழாசிரியர்