ஆகஸ்ட்ல மட்டும் எங்கள தேடாதீங்க: ஃபீச்சர் எடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறு இணைப்பு, வார இதழ், இணையதளம்னு தமிழ்ல ஃபீச்சர் பக்கம் பாத்துக்குற எடிட்டர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னைல ஃப்ரீலான்ஸா எழுதுறேன். தெரு, மார்க்கெட், சாப்பாடு, கானா, மக்கள் எப்படி பொழைக்கிறாங்க இதெல்லாம் தான் என் ஏரியா. உங்கள்ல சில பேரு என் கட்டுரைகள நல்லா எடிட் பண்ணி போட்டிருக்கீங்க, அந்த மரியாதையோட தான் இத எழுதுறேன்.

ஆகஸ்ட் வந்தா எங்க நம்பர் எல்லாருக்கும் ஞாபகம் வருது. 22ஆம் தேதி மெட்ராஸ் டே, 1639ல ஆரம்பிச்ச ஊரு, ராயபுரம் ஸ்டேஷன், 1985ல எரிஞ்சுபோன மூர் மார்க்கெட், எதாவது குடுங்கன்னு கேக்குறீங்க. டிசம்பர் வந்தா கச்சேரி சீசன். மத்த மாசம் ஒரு ஐடியா அனுப்பினா "இப்ப ஏன் இது"ன்னு ஒரு கேள்வி வரும், இல்லன்னா பதிலே வராது. வடசென்னைன்னா நெறைய நேரம் க்ரைம் பக்கத்துக்கு தான் போகுது, இது எனக்கு ரொம்ப வலிக்குது.

ஜனங்களோட அன்னாட பொழப்புக்கு விசேஷ நாள் எதுவும் கெடையாதுங்க. 2023 ஏப்ரல்ல நொச்சிக்குப்பம் லூப் ரோட்ல மீன் கடைங்கள கார்ப்பரேஷன் எடுத்தப்ப எல்லா கேமராவும் அங்க இருந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல புது மீன் அங்காடி தொறந்தப்பவும் இருந்துச்சு. நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல அந்த அக்காங்க எப்படி வித்தாங்க, வட்டிக்கு வாங்கினத எப்படி கட்டினாங்க, ரோட்டோரமா வண்டிய நிறுத்தி அப்படியே மீன் வாங்கிட்டுப் போனவங்க இப்ப கட்டடத்துக்குள்ள எறங்கி வராங்களா, உள்பக்கம் கடை கெடச்சவங்களுக்கும் வாசல் பக்கம் கெடச்சவங்களுக்கும் யாவாரம் ஒண்ணா இருக்கா, இதெல்லாம் யாரு எழுதுறது? ஒரு காலைல போய் மைக்க நீட்டினா இது கெடைக்காது. மொதல்ல "எந்த டிவி"ன்னு கேப்பாங்க. மீன் வெட்டுற நேரத்துல பேச முடியாது, யாவாரம் ஓஞ்சு தட்டு கழுவுறப்ப தான் பேச்சே வரும், அதுவும் திரும்பத் திரும்ப வந்து நிக்கிற ஆளுன்னு தெரிஞ்சப்புறம் தான் கடன் விஷயமெல்லாம் வெளிய வரும்.

அப்படி அலையுற நேரத்துக்கு இப்ப யாரும் காசு குடுக்குறதில்ல. வார்த்தைக்கு இவ்ளோன்னு ஒரு ரேட், அதுவும் கட்டுரை வந்தா தான். ஏத்துக்கிட்டு மாசக்கணக்கா கெடப்புல போட்டா பஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் எழுதுனவங்க கையில இருந்து தான். வந்தப்புறம் இன்வாய்ஸ் அனுப்பினா "அக்கவுன்ட்ஸ்ல கேக்குறேன்". உழைக்கும் பத்திரிகையாளர்களுக்குன்னு 1955ல சட்டம் வந்துச்சு, பத்திரிகைக்காரங்க சம்பளத்துக்காக அரசு போட்ட மஜிதியா ஊதியக் குழுவோட சிபாரிசு செல்லும்னு 2014ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, ஆனா அதெல்லாம் ஒரு நிறுவனத்துல வேலைல இருக்கறவங்களுக்குன்னு வந்தது. எங்களுக்கு பி.எஃப். இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, ஐடி கார்டு கூட இல்ல. ராத்திரி மார்க்கெட்ல போட்டோ எடுக்குறப்ப போலீஸ் வந்து கேட்டா காட்ட ஒரு துண்டு பேப்பர் கெடையாது, பொண்ணுங்களுக்கு இது இன்னும் கஷ்டம்.

என் கூட எழுத வந்தவங்கள்ல நல்லா எழுதுறவங்க பல பேரு கம்பெனிகளுக்கு கன்டென்ட் எழுத போயிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், வாடகை கட்டணும்ல. ஆனா அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச தெருக்கள் இருக்கு, அங்க பேச ஆளுங்க இருக்காங்க, அதெல்லாம் இப்ப யாரும் எழுதுறதில்ல.

பட்ஜெட் கம்மின்னு எனக்கும் தெரியும், அதனால ரேட்ட ஏத்துங்கன்னு மட்டும் கேக்கல. கட்டுரைய ஏத்துக்கிட்டா அந்த மாசமே காச குடுத்துடுங்க, எப்ப போடுறதுன்றது உங்க இஷ்டம். ஏத்துக்கிட்டு கடைசில போடலன்னா பாதியாச்சும் குடுங்க. வேலைய குடுக்குறப்பவே போக வர செலவுக்கு ஒரு தொகை, அப்புறம் "இவங்க எங்களுக்காக எழுதுறாங்க"ன்னு லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி, இதுக்கு பெருசா என்ன செலவாகப் போகுது. இந்த வாரமே ஒண்ணு செய்யலாம்: உங்க இன்பாக்ஸ்ல பதில் போடாம கெடக்குற ஐடியாக்கள தொறந்து ஒவ்வொண்ணுக்கும் வேணும் இல்ல வேணாம்னு பதில் போடுங்க. வேணாம்னா இன்னொரு எடத்துக்கு அனுப்பிக்கிறோம்.