அரத்தை எடுக்கும் முன் குதிரையை நடக்க விடுங்கள்

குதிரையேற்றப் பள்ளிகளையும் லாயங்களையும் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். லாடம் இல்லாமல் குதிரைகளை வைத்திருக்க உங்களில் பலர் முன்வந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் உறுத்துகிறது. ஆணியைப் பிடுங்கி லாடத்தைக் கழற்றியதோடு பாதிக் கவலை தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறீர்கள். குளம்பு வெட்டுபவர் வரும் நாளில் குதிரைகளைக் கட்டுத்தறியில் வரிசையாக நிறுத்தி, மதியத்துக்குள் முடித்துத்தரச் சொல்கிறீர்கள். அவரும் காலைத் தூக்குகிறார், நீண்டிருப்பதைக் குறடால் நறுக்குகிறார், அரத்தால் அராவிவிட்டு அடுத்த குதிரைக்குப் போகிறார். அந்தக் குதிரை ஓர் அடி எடுத்துவைத்ததை அவர் பார்க்கவே இல்லை.

குளம்பு வெட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்: எதைப் பார்த்து எவ்வளவு வெட்டுவது?

முதலில் பார்க்க வேண்டியது நடை. கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டு ஒருவர் குதிரையை நடத்திப்போக, இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து நின்று பாதம் தரையைத் தொடும் கணத்தைக் கவனிக்க வேண்டும். நலமான பாதம் குதிகால் முதலில் படும்படியோ, மொத்தமாகச் சமமாகவோ இறங்கும். முனை முதலில் குத்தி இறங்கினால், குதிரை பாதத்தின் பின்பகுதியில் எடை போட அஞ்சுகிறது என்று பொருள். ஃபிராக்கின் (பாதத்தின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி) நடுப்பிளவில் அழுகல் இருக்கலாம், குதிகால் நலிந்திருக்கலாம், உள்ளே எலும்பிலோ தசைநாணிலோ கோளாறும் இருக்கலாம். எதுவானாலும் கட்டிப்போட்ட குதிரையின் தூக்கிய பாதத்தில் அந்த அச்சம் தெரியாது. கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பாருங்கள். பிறகு சரளைக்கல் மேல் சில அடிகள், இரு பக்கமும் இறுக்கமான ஒரு திருப்பம். இவ்வளவுக்கும் ஒரு குதிரைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அந்தச் சில நிமிடங்களைத்தான் நீங்கள் கொடுக்க மறுக்கிறீர்கள்.

அடுத்தது, நிற்கும் குளம்பு. மயிரும் குளம்பும் சேரும் விளிம்புக்குக் கீழே புதிதாக வளர்ந்திருக்கும் சுவரைப் பாருங்கள். அது எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே சாய்வில் தரைவரை வந்தால் நல்லது. பாதி வழியில் வெளிப்பக்கமாக விரிந்து போனால், ஒவ்வோர் அடியிலும் அந்த விரிந்த பகுதி நெம்புகோலாக வேலை செய்து, உள்ளே எலும்போடு சுவரைப் பிணைத்திருக்கும் மெல்லிய மடிப்புகளை இழுக்கிறது. முனை நீண்டு, குதிகால் முன்னோக்கிச் சரிந்து பாதத்தின் அடியில் மடங்கிக் கிடக்கும் குளம்புகளை லாயத்துக்கு லாயம் பார்க்கிறேன். பக்கவாட்டில் பார்க்கும்போது கணுவுக்குக் கீழுள்ள காலின் சாய்வும் குளம்பு முன்சுவரின் சாய்வும் ஒரே கோட்டில் வர வேண்டும். எல்லாக் குதிரைக்கும் ஒரே கோணம் வைக்கச் சொல்லும் மேலாளர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்தக் கோணத்தை அந்தந்தக் குதிரையின் காலெலும்பு முடிவு செய்கிறது, அளவுகோல் அல்ல. முன்குளம்பும் பின்குளம்புமே ஒன்றுபோல் இருப்பதில்லை: உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாங்கும் முன்குளம்பு வட்டமாக இருக்கும், பின்குளம்பு சற்றுக் கூர்ந்திருக்கும்.

காலைத் தூக்கிய பிறகும் கத்திக்கு அவசரமில்லை. கொக்கியால் அழுக்கை எடுத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். ஆம், முகர்ந்துதான். ஃபிராக்கில் கறுப்பு நீரும் கெட்ட நாற்றமும் இருந்தால் அது அழுகல். ஃபிராக்கின் இருபுறமும் ஓடும் பள்ளங்கள் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அதன் நுனியருகே பள்ளம் மேலோட்டமாக இருந்தால், உள்ளிருக்கும் எலும்புக்கும் தரைக்கும் இடையே அதிக இடமில்லை என்று கணக்கு. கட்டைவிரலால் அடித்தட்டை அழுத்துங்கள். அமுங்கினால் அங்கே கத்தியே படக்கூடாது. சுவரும் அடித்தட்டும் சேரும் வெள்ளைக்கோடு இறுக்கமாக இருக்கிறதா, அகன்று மண்ணும் சிறுகல்லும் புகுந்திருக்கிறதா, ரத்தக்கறை தெரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டால், எவ்வளவு வெட்டலாம் என்பதைப் பெரும்பாலும் பாதமே சொல்லிவிடும்.

இப்போது வெட்டு. லாடம் அடிப்பதற்காகத் தயார்செய்யும் பாதமும் வெறும்காலோடு நடக்கப்போகும் பாதமும் வேறு வேறு. லாடத்துக்கு, இரும்பு பொருந்துவதற்காகச் சுவரின் அடிவிளிம்பைத் தட்டையாக்குவார்கள், அடித்தட்டைச் செதுக்கிப் பளிச்சென்று ஆக்குவார்கள், ஃபிராக்கையும் ஓரம் சீவி அழகுபடுத்துவார்கள். பழகிய கை வெறும்காலிலும் அதையே செய்கிறது. இதுதான் என் பெரிய குறை. தரையோடு நேரடியாக உரசும் பாதத்துக்கு அடித்தட்டின் தடிப்பும் ஃபிராக்கின் தோலுமே கவசம். தானாக உதிரும் செதில்களையும் அழுக்கைப் பிடித்துவைக்கும் தொங்கல்களையும் மட்டும் எடுத்தால் போதும். குதிகாலை, உயிருள்ள அடித்தட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குச் சற்று மேலேயே நிறுத்த வேண்டும். நீண்டு சரிந்த குதிகாலை ஒரே நாளில் நிமிர்த்த முயன்றால் காலின் பின்னால் ஓடும் தசைநாண் திடீரென இழுபடும். சுவரின் வெளிவிளிம்பைச் சுற்றிலும் உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்ட விளிம்பு கல்லில் பட்டுச் சில்லுசில்லாகப் பெயரும். பிறகு ‘வெறும்கால் இந்தக் குதிரைக்கு ஒத்துவரவில்லை’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.

வெட்டிய மறுநாள் குதிரை நொண்டினால் என்ன பதில் கிடைக்கிறது? ‘ரெண்டொரு நாளில் பழகிவிடும்.’ இந்தப் பதிலை ஏற்காதீர்கள். முந்தைய நாள் நன்றாக நடந்த குதிரை மறுநாள் தயங்கி நடந்தால், எடுக்கக்கூடாததை யாரோ எடுத்திருக்கிறார்கள். கணக்கு அவரிடம் கேட்கப்பட வேண்டும். என்னிடமும்தான்.

லாடம் கழற்றிய ஆரம்பத்தில் கரடான தரையில் குதிரை தயங்குவது வேறு விஷயம். சுவர் மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர்வரைதான் வளர்கிறது. முனைப்பகுதி மேலிருந்து கீழ்வரை முழுதாகப் புதுப்பிக்க 9 மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம். அதுவரை சரளைப் பாதையில் சவாரிக்குப் போகும்போது குளம்புக்கான காலணி மாட்டுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சமாக வெட்டுவதே ஏற்றது. உங்கள் கணக்குப்பிள்ளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்பார். அதற்குள் முனை நீண்டு, நெம்புகோல் வேலை தொடங்கியிருக்கும்.

தீவனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது என் கையில் இல்லாவிட்டாலும். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த தீவனம், செழித்த புல், உடலுழைப்புக் குறைவு, பிடரியில் கொழுப்புத் திரண்ட குதிரை: இவை சேர்ந்தால், எலும்போடு சுவரைப் பிணைக்கும் அந்த மடிப்புகள் அழன்று வலிக்கும் நோயான லேமினைடிஸ் தூரத்தில் இல்லை. குளம்புச் சுவரில் முனைப்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் வளையங்கள் தெரிந்தால் அந்நோய் ஏற்கெனவே வந்துபோயிருக்க வாய்ப்புண்டு. குளம்பு சூடாக இருந்து, கணுவருகே நாடி ஓங்கித் துடித்து, குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், அழைக்க வேண்டியது கால்நடை மருத்துவரை, உடனே. எக்ஸ்ரே பார்க்காமல் அந்தப் பாதத்தில் நான் கை வைக்கமாட்டேன். எவ்வளவு நேர்த்தியான வெட்டும் தீவனத்தொட்டியில் நடக்கும் தவறை ஈடுசெய்யாது.

லாடத்துக்கு எதிராக நான் கொடி பிடிக்கவில்லை. சில வேலைகளுக்கும் சில நோய்களுக்கும் லாடம் தேவைப்படுகிறது. பழங்காலத்தில் ஆணி அடித்த லாடமே இல்லாமல் படைக்குதிரைகள் ஓடின என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துக் கிரேக்கப் படைத்தளபதி செனோஃபோன் வழுக்கும் ஈரத்தரை குளம்பைக் கெடுக்கும் என்று எழுதிவைத்தார், முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பி அதன்மேல் குதிரையை நிறுத்தச் சொன்னார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் கேட்டதைக்கூட நாம் செய்வதில்லை. சாணியும் மூத்திரமும் ஊறிய கொட்டிலில் நாள் முழுவதும் நிறுத்திவிட்டு, குளம்பு ஏன் மென்மையாக இருக்கிறது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவே. அடுத்த முறை குளம்பு வெட்டுபவர் வரும்போது நாளொன்றுக்கான குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிரையையும் வெட்டுக்கு முன்னும் பின்னும் கெட்டித் தரையில் நடத்திக்காட்ட ஓர் ஆளை ஒதுக்குங்கள். அன்றாடம் சவாரி செய்பவரும் தீவனம் வைப்பவரும் உடனிருந்து, கடந்த வாரங்களில் கண்டதைச் சொல்லட்டும். ஒவ்வொரு பாதத்தையும் முன்னிருந்து, பக்கத்திலிருந்து, அடியிலிருந்து என்று புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுபவர் மாறினாலும் அந்தப் பதிவு லாயத்தில் இருக்கட்டும். எதற்காக இவ்வளவு எடுத்தீர்கள், இதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று அவரைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரை மறுமுறை அழைக்காதீர்கள். கூடுதல் நேரத்துக்கு அவர் கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குளம்பு வெட்டும் தொழிலாளி ஒருவன்